ஆற்றுக்கு இட்ட அளவும் வாவியின் இயல்பும்

ஊரொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூரின் கோயிலையும் குடிகளையும், ஆண்டாரையும் அறஞ்செய்தாரையும் பற்றி விரித்துரைப்பது வழக்கம். அவ்வூரார் எந்நீரை உண்டனர், உண்டபின் கழித்த நீர் எங்கே சென்றது என்னும் வினாக்களுக்கு அவ்வரலாறுகளில் விடை காண்டல் அரிது. முன்னைய வினாவுக்காவது, குளம் தொட்டமையையும் கிணறு அகழ்ந்தமையையும் கூறும் சாசனங்கள் சான்று பகரும். பின்னைய வினாவோ சான்றோர் வாய்விட்டுப் பேசத் தயங்கிய ஒன்றாகவே இருந்து வந்தது. ஆயினும், மக்கள் பெருகி நெருங்கி வாழும் இக்காலத்தில் ஓரூரின் நலத்தைத் தீர்மானிப்பதில் இவ்விரண்டாம் வினா முதலாவதிலும் சிறியதன்று. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த பெரியகல்லாறு போன்ற ஊர்களுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்துவதாகும். கழிவுநீரைத் தூய்மையாக்கும் கலை எவ்வாறு தோன்றிற்று, அதன் அளவுகோல்கள் எத்தகைய நீர்நிலைகளைக் கருதி வகுக்கப்பட்டன, அவை வாவிக்கரை ஊர்களுக்கு எவ்வளவு ஏற்புடையன என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழிவை வாழிடத்தினின்றும் அகற்றுதல் மிகப் பழைய வழக்கம். 1920களில் மொகஞ்சதாரோவில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி, 4000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அந்நகரின் வீதிகளில் செங்கல்லாற் கட்டி மூடிய வடிகால்கள் ஓடியமையை உலகுக்கு வெளிப்படுத்திற்று. மதுரையைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் சுருங்கை என்னும் சொல்லை ஆள்கின்றது; நிலத்தின்கீழ் மறைந்து செல்லும் வழி என்பது அதன் பொருள். உண்ணும் நீரைப் பிற நீரினின்றும் பிரித்துக் காக்கும் உணர்ச்சியும் தமிழர்க்குப் புதியதன்று. ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு ஊருணி என்றும், உண்ணுநீர் எடுக்கும் துறைக்கு உண்டுறை என்றும் தனிப்பெயர் இட்டு வழங்கினமையே அதற்குச் சான்றாகும்.

எனினும், இவ்வேற்பாடுகள் யாவும் அகற்றுதல் என்னும் அளவிலே நின்றுவிட்டன. அகற்றிய கழிவைத் தூய்மையாக்குதல் வேறொரு தொழில். அதன் வயது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டே. அதற்கு முன்னிருந்தோர் அறியாமையால் வாளாவிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. ஆறு தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையில் உண்மையும் இருந்தது. ஆற்றில் விழும் அழுகற்பொருளை நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உணவாக்கிக் கொள்கின்றன. அதற்கு வேண்டும் ஒட்சிசன் நீரில் கரைந்துள்ளது. செலவாகிய ஒட்சிசனை ஓடும் நீர் காற்றிலிருந்து மீளப் பெறுகின்றது. கழிவு சிறிதாகவும் ஆறு பெரிதாகவும் உள்ளவரை இவ்வொழுங்கு பிழைபடுவதில்லை. கழிவு மிகும்போது ஒட்சிசனின் செலவு வரவை விஞ்சும், மீன் மடியும், நீர் கறுத்து நாறும்.

இவ்வெல்லையைப் பெருநகரங்களுள் முதலிற் கடந்து, அதன் விளைவை உலகறியப் பட்டது இலண்டன் மாநகரம் எனலாம். அந்நகரின் மழைநீர் வடிகால்களில் வீட்டுக் கழிவை விடுதல் 1815ஆம் ஆண்டுவரை தடைசெய்யப்பட்டிருந்தது. மலக்கழிவு வீட்டுக் குழிகளிலே தங்க, அதனை அள்ளிச் சென்று வயல்களுக்கு எருவாக விற்போர் இருந்தனர். பின்னர்க் குழாய்நீர் பெருகிற்று. நீரூற்றிக் கழுவும் மலசலகூடங்கள் பரவின. குழிகள் நிரம்பி வழிந்தன. தடை நீக்கப்பட்டு, நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிகாலுடன் இணைத்தல் கட்டாயமுமாயிற்று. இங்ஙனம் நகரின் கழிவு முழுவதும் தேம்சு நதியை அடைந்தது. அந்நதியின் நீரே குழாய்களின் வழியாகப் பலர் வீட்டுக்குக் குடிநீராகவும் திரும்பிற்று.

வாந்திபேதி மீண்டும் மீண்டும் அந்நகரைத் தாக்கியது. 1854இல் யோன் சினோ என்னும் மருத்துவர், புரோட் வீதியிலிருந்த ஒரு நீரிறைக்கும் குழாயைச் சூழ்ந்தே மரணங்கள் செறிந்திருத்தலைக் காட்டி, நோய் நீர்வழிப் பரவுவது என்று நிறுவ முயன்றார். நோய்க்கிருமி அக்காலத்து அறியப்படவில்லையாதலின் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதியின் நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களை எட்டிய பின்னரே பணம் ஒதுக்கப்பட்டது. யோசப் பசல்கெற் என்னும் பொறியியலறிஞர் பெருவடிகால்களை அமைத்து, நகரின் கிழக்கே வெகுதூரம் கழிவைக் கொண்டுசென்றார். இலண்டன் மாந்தர் உயிர் தப்பினர். ஆயினும் கழிவு தூய்மையாகவில்லை. இடம் மாறியது மாத்திரமே. 1878இல் பிரின்செஸ் அலிஸ் என்னும் பயணிகள் கப்பல் அக்கழிவு வாய்க்காலின் அருகே மோதுண்டு மூழ்கி 600க்கு மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் வீழ்ந்த நீரின் நிலைமையைப் பற்றியும் நாடு பேசலாயிற்று. அகற்றுதல் வேறு, தூய்மையாக்குதல் வேறு என்னும் பாடம் இங்ஙனம் பெரும் விலைகொடுத்துக் கற்கப்பட்டது.

ஆறு எவ்வளவு தூரம் ஓடினால் தூய்மையாகும் என்னும் வினாவை 1868இல் நியமிக்கப்பட்ட ஆற்று மாசு ஆணைக்குழு ஆராய்ந்தது. அதன் உறுப்பினரும் இரசாயன அறிஞருமாகிய எட்வேட் பிராங்லன்ட், கலந்த கழிவை முற்றாக அழித்தற்குப் போதிய நீளமுடைய ஆறு பிரித்தானியாவில் ஒன்றேனும் இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். கழிவை ஆற்றில் விடுமுன் அதனைத் தூய்மையாக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது. எவ்வாறு தூய்மையாக்குவது என்பதற்கு விடை, ஆறு செய்யும் வேலையையே நிலத்தில் ஓரிடத்திற் செறிவாகச் செய்விப்பதில் இருந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1887இல் நிறுவப்பட்ட லோறன்ஸ் பரிசோதனை நிலையம், சரளையினூடாகவும் மணலினூடாகவும் கழிவுநீரைச் செலுத்தி, அதனைத் தூய்மையாக்குவது வடித்தல் அன்று, கற்களிற் படிந்து வாழும் உயிர்களின் செயலே என்று காட்டிற்று. இலண்டனில் வில்லியம் டிப்டின் கற்படுகைகளை அமைத்தார். எக்செற்றர் நகரில் டொனால்ட் கமரன் 1890களின் நடுவில் அழுகற்றொட்டியை அமைத்துப் பெயரிட்டார். இன்று இலங்கையின் வீட்டு வளவுகளிற் காணப்படும் அழுகற்றொட்டி அதன் வழிவந்ததே.

முறைகள் பலவாயின, எம்முறை போதும் என்பதைத் தீர்மானிக்க அளவுகோல் ஒன்று வேண்டியதாயிற்று. 1898இல் அமைக்கப்பட்ட கழிவகற்றல் பற்றிய அரச ஆணைக்குழு 1912இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில் அதனை வகுத்தளித்தது. கழிவிலுள்ள பொருள்களைத் தனித்தனி எண்ணாது, அக்கழிவு நீரிலிருந்து எவ்வளவு ஒட்சிசனைப் பறிக்கும் என்று அளத்தலே அம்முறை. நீரை அடைத்த போத்தலில் 65 பாகை பரனைற்று வெப்பநிலையில் ஐந்து நாள் வைத்து, குறைந்த ஒட்சிசனைக் கணித்தனர். உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்று இந்நாளில் வழங்கும் அளவு இதுவே. ஐந்து நாள் என்பது தற்செயலாக வந்த எண் அன்று என்பர். பிரித்தானிய ஆறுகளில் விழுந்த நீர் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேற் செல்லாது. அதன்பின் நிகழ்வது கடலின் பொறுப்பு என்பது அதன் உட்கருத்து.

அவ்வாணைக்குழுவின் கணக்கு எளிமையும் அழகும் உடையது. ஆற்றுநீர் ஒரு லீற்றருக்கு 4 மில்லிகிராம் ஒட்சிசன் தேவையைத் தாங்கும். அதனைக் கடப்பின் தொல்லை தோன்றும். கழிவு கலக்குமுன் ஓரளவு தூய ஆற்றின் தேவை 2 மில்லிகிராம். சுத்திகரித்த கழிவுநீர் ஒரு பங்குடன் ஆற்றுநீர் எட்டுப் பங்கு கலக்குமாயின், கழிவுநீரின் தேவை எவ்வளவாக இருக்கலாம்? எட்டுப் பங்கு ஆற்றுநீரின் தேவை 16, ஒன்பது பங்குக் கலவைக்கு அனுமதிக்கப்படுவது 36, எஞ்சுவது 20. எனவே 20 மில்லிகிராம் எல்லையாக விதிக்கப்பட்டது. மிதக்கும் திண்பொருளுக்கு 30 மில்லிகிராம் எல்லை. 20க்கு 30 என்னும் இவ்விரட்டை எண் பின்னர் உலகெங்கும் பரவி, கழிவுநீர்ப் பொறியியலின் மூலவாக்கியம் போல் ஆயிற்று. அவ்வெண்கள் பரவிய அளவுக்கு அவற்றின் அடியிற் கிடந்த எட்டுப் பங்கு ஓடும் நீரும், ஐந்து நாட் பயணமும் நினைவில் நிற்கவில்லை.

அவ்வெல்லையை எட்டுதற்குரிய ஆற்றல் வாய்ந்த முறை இரண்டே ஆண்டில் தோன்றியது. மாஞ்செஸ்ரர் நகரின் டேவிகியூம் நிலையத்தில் ஆடேன், லொக்கற் என்னும் இருவர் கழிவுநீரினுள் காற்றைச் செலுத்தினர். அடியில் தங்கிய மண்டியைக் கொட்டிவிடாது அடுத்த முறைக்கும் அதனையே பயன்படுத்தினர். தொடக்கத்தில் வாரக்கணக்கிற் சென்ற வேலை, மண்டியில் உயிர்கள் பெருகப் பெருகச் சில மணித்தியாலங்களில் நிறைவேறியது. 1914 ஏப்பிரலில் இதனை அறிஞர் அவையில் வெளியிட்டனர். இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் இருந்த கில்பேட் பௌளர் 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியராய் வந்தமையால், இக்கலை நம் அயல்நாட்டுக்கும் விரைவில் அறிமுகமாயிற்று.

இலங்கையில் கொழும்பு நகரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குழாய்வழிக் கழிவகற்றல் முறையைப் பெற்றது. பிற்காலத்தில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் அமைந்த நீண்ட குழாய்கள் அக்கழிவைக் கடலினுட் கொண்டு சென்றன. ஏனைய ஊர்களில் வீட்டுக் குழிகளே நிலைபெற்றன. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை செயற்படத் தொடங்கியது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் நீர்நிலைகளில் கழிவு விடுதலை ஒழுங்குபடுத்த வழிவகுத்தது. அச்சட்டத்தின்கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகள், உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடும் கழிவுக்கு ஒட்சிசன் தேவை 30 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்றன. ஐந்து நாள் 20 பாகை செல்சியசில், அல்லது வெப்ப நாட்டுக்கு ஏற்ப மூன்று நாள் 27 பாகையில், அதனை அளக்கலாம் என்றும் கூறின. இவற்றினும் கருதத்தக்கது அவ்விதிகளின் ஒரு குறிப்பாகும். இவ்வெல்லை, கழிவைப்போல் எட்டு மடங்கு தூயநீர் கலக்கும் இடத்துக்கே உரியது. கலப்பு அதனிற் குறையின் எல்லையும் அவ்விகிதப்படி குறையும். நான்கு மடங்கே கலக்குமாயின் 30 என்பது 15 ஆகும். 1912இன் எட்டுப் பங்கு ஒரு நூற்றாண்டு கடந்து, கடல் கடந்து, இலங்கையின் சட்டத்துள் வந்து அமர்ந்திருத்தல் வரலாற்று மாணவர்க்குச் சுவை தருவதொன்று.

இக்குறிப்பின் பொருளைக் கதிர்காமம் நன்கு விளக்கும். மட்டக்களப்புத் தமிழகத்தார்க்குக் கதிர்காமம் தொலைவிலுள்ள ஊர் அன்று. கால்நடையாகச் செல்லும் அடியார் கல்லாற்றினூடாகவே தெற்கு நோக்கி நடந்து, திருக்கோயில், பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டைக் கடந்து மாணிக்க கங்கையை அடைகின்றனர். ஆண்டின் பெரும்பகுதியிற் சிற்றூராக அமைதியுற்றிருக்கும் அவ்விடம் ஆடித் திருவிழாவிற் பெருநகராகின்றது. அக்காலமோ அப்பகுதியில் மழை குன்றி ஆறு மெலியும் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவிய அச்சத்தால் ஆங்கில அரசு அந்த யாத்திரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் 1910இல் திருவிழாவை மேற்பார்வை செய்யத் தாமே அங்குச் சென்று தங்க நேர்ந்தது. இந்நாளில் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கழிவுநீர்த் திட்டங்களைப் பெற்ற சில ஊர்களுள் கதிர்காமமும் ஒன்று. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரங்கள் பல அதனைப் பெறாதிருக்க, ஒரு சிற்றூர் பெற்றமைக்குக் காரணம் தெளிவு. கழிவு பெருகும் நாளிலேயே கலக்கும் நீர் சுருங்குகின்றது. அந்நீரிலேயே அடியார் தீர்த்தமாடுகின்றனர். ஆண்டுச் சராசரி இங்கு ஒன்றையும் உணர்த்தாது. மிகத் தாழ்ந்த நீருடைய நாளே ஆற்றின் உண்மையான அளவு.

ஆறு மெலிந்தால் இவ்வாறாயின், ஓட்டமே நின்றுபோகும் வாவியின் நிலை யாது? மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கரைக்கு இணையாகக் கிடக்கின்றது. கடலோடு அது கலக்கும் வாயில்கள் இரண்டு; ஒன்று மட்டக்களப்பு நகரின் அருகிலும் மற்றையது பெரியகல்லாற்றிலும் உள்ளன. கல்லாறு என்னும் பெயரில் ஆறு என்ற சொல் இருப்பினும் அங்கு ஓடுவது மலையிற் பிறந்து கடலிற் புகும் ஆறன்று. வாவியின் மூச்சு எனத்தகும் நீரே அது. மாரியில் மேற்கு வயல்களிலும் குளங்களிலுமிருந்து வெள்ளம் இறங்கி வாவி நிரம்பும்போது முகத்துவாரம் திறக்கின்றது. வெள்ளம் வயல்களை மூடும் நிலை வரின் மனிதரும் மணலை வெட்டித் திறக்கின்றனர். கச்சான் வீசும் கோடையில் வெள்ளம் அடங்க, அலைகள் மணலைக் குவித்து வாயிலை ஒடுக்கியும் அடைத்தும் விடுகின்றன. அந்நாளில் வாவியில் விழுந்த நீர் ஐந்து நாளிலோ ஐம்பது நாளிலோ கடலை அடையும் என்று எவரும் கூறல் இயலாது. வாவியில் நீர் இல்லாமல் இல்லை. புதிய நீர் இல்லை. இன்று கலந்த எட்டுப் பங்கே நாளையும் கலக்க நிற்கின்றது.

வெப்பமும் இதற்கு உடந்தையாகின்றது. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறையும். உப்புக் கலந்தால் இன்னும் குறையும். அதே வெப்பம் நுண்ணுயிர்களின் வேலையையும் விரைவாக்குமாதலின், வரவு குன்றும் இடத்திற் செலவு மிகுகின்றது. பிரித்தானிய ஆற்றுக்கு இட்ட அளவு அங்கு எவ்வளவு பாதுகாப்பைத் தந்ததோ, அவ்வளவு பாதுகாப்பை இங்கு அது தரமாட்டாது.

மற்றுமொரு குறை அவ்வளவின் இயல்பிலேயே உள்ளது. ஒட்சிசன் தேவையை நீக்கிய கழிவுநீர் தெளிந்து மணமின்றித் தோன்றினும், அதில் நைதரசனும் பொசுபரசும் கரைந்து நிற்றல் கூடும். அவை நிலத்துப் பயிருக்கு எருவாதல் போலவே நீர்ப்பாசிக்கும் எருவாகின்றன. ஓடும் ஆறு அவற்றைக் கொண்டு போய்விடும். நிற்கும் நீர் சேர்த்து வைக்கும். அமெரிக்காவின் சியாற்றில் நகரை அடுத்த வாசிங்டன் ஏரி இதற்குத் தக்க உதாரணம். 1941 முதல் அதன் கரையூர்கள் பல சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துத் தூய்மை செய்த கழிவுநீரையே ஏரியில் விட்டன. ஆயினும் 1955இல், மாசுற்ற ஏரிகளிற் பெருகும் பாசியினம் ஒன்று அங்கே தோன்றியது. டபிள்யூ. ரி. எட்மன்ட்சன் என்னும் உயிரியலறிஞர் அதன் பொருளை மக்களுக்கு விளக்கினார். 1958இல் வாக்கெடுப்பின் மூலம் ஊர்கள் ஒன்றிணைந்து ஒரு பொது அமைப்பை நிறுவின. 1963 தொடங்கி 1968 வரை கழிவுநீர் ஏரியிலிருந்து படிப்படியாகத் திருப்பப்பட்டது. ஒரு மீற்றர் ஆழம் வரையே பார்வை செல்லும் அளவுக்குக் கலங்கியிருந்த ஏரி 1970களில் மீண்டும் தெளிந்தது. இவ்வரலாறு இரண்டு செய்திகளைத் தருகின்றது. ஆற்றுக்குப் போதுமான சுத்திகரிப்பு ஏரிக்குப் போதாது என்பது ஒன்று. உரிய காலத்திற் கைவிட்டால் நீர்நிலை மீளும் என்பது மற்றொன்று. கடலுக்குத் திருப்புதல் இங்கும் தீர்வாகும் என்று கொள்ளலாகாது. பின்பற்றத்தக்கது நீர்நிலையின் இயல்பை முதலில் அறிந்த அவ்வொழுங்கே.

இனிக் கல்லாற்றின் வீட்டு வளவுக்குள் நுழைந்து நோக்குதல் தகும். வாவிக்கரை மணல்நிலத்தின் கீழ் உள்ள நன்னீர், உப்புநீரின்மேல் வில்லை போல் மிதப்பது. கடல் மட்டத்துக்கு ஓரடி உயர நன்னீர் நிற்குமாயின் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்று கீபன், ஏர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் கணித்தனர். இக்கணக்கின் மறுபக்கமும் உண்டு: மேலே ஓரடி இறைத்துக் குறைப்பின் கீழே நாற்பதடி உப்புநீர் ஏறிவரும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கிப் பெரியகல்லாற்றிலும் உயிர்களைக் கொண்டு சென்றபோது, கரையோரக் கிணறுகள் பல உப்புநீரால் நிரம்பின. அவற்றைத் தூய்மையாக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன் மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில், கீழிருந்த உவர்நீர் மேலேறிக் கிணறு தேறுவது தாமதித்தமையை ஆராய்ச்சியாளர் கண்டனர். பெருமழையே ஈற்றில் மருந்தாயிற்று. கிணறும் வாவியும் கடலும் மூன்று நீர் அல்ல, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஒரே நீர் என்பதை அவ்வனுபவம் உணர்த்திற்று.

அம்மணலில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவினுள் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியினர் கூறும் பொதுவிதி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. எனவே 20 பேர்ச் கொண்ட சதுர வளவின் பக்கம் ஏறத்தாழ 74 அடி. 10 பேர்ச் வளவின் பக்கம் 52 அடி. தந்தையின் 20 பேர்ச் காணி மக்கள் இருவருக்குச் சீதனமாகவோ பங்காகவோ பிரியும்போது அவ்விதியைத் தன் வளவினுள் காத்தல் அரிதாகின்றது. அரிதிற் காத்தவன் வீட்டுக் கிணற்றின் மறுபுறத்தே அயலவன் குழி இருக்கின்றது. மணல் நீரை விரைந்து ஊறவிடுவதால் குழி நிரம்புவதில்லை. நிரம்பாத குழி நல்ல குழி என்று வீட்டார் மகிழ்வர். அக்குழியினின்று நீங்கிய நீர் எங்கே சென்றது என்பதே கருதத்தக்க வினா. நோய்க்கிருமிகள் மணலில் ஓரளவு தங்கி மடியும். நைத்திரேற்று அங்ஙனம் தங்குவதில்லை. நீருடன் சென்று கிணற்றையும் ஈற்றில் வாவியையும் அடையும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்குத் தீங்கு என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. காய்ச்சுதலால் அது நீங்குவதில்லை.

கிணற்றுக்கு மாற்றாகக் குழாய்நீர் வருவதே தீர்வு என்று கூறுவோர் உளர். உன்னிச்சைக் குளத்து நீரைத் தூய்மையாக்கி மட்டக்களப்புப் பகுதிக்கு வழங்கும் திட்டம் இந்நூற்றாண்டில் நிறைவேறியமை பெரும் பேறாகும்; கரையூர் மக்களின் குடிநீர் அச்சம் அதனாற் குறைகின்றது. ஆயினும் இலண்டனின் வரலாறு இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத்தக்கது. அங்குக் குழிகள் நிரம்பி வழிந்தது குழாய்நீர் பெருகியபின்னரே. வாளியால் மொண்டு குளித்தோன் செலவிடும் நீரினும் குழாயைத் திறந்து குளிப்போன் செலவிடும் நீர் பன்மடங்கு. வீட்டினுள் வந்த நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. மேலும், கிணற்றைக் குடித்தவரை அதன் அருகே குழி தோண்ட அஞ்சிய குடும்பம், கிணற்றைக் கைவிட்டபின் அவ்வச்சத்தையும் கைவிடுகின்றது. குடிநீர் குழாயில் வரத் தொடங்கிய நாளே கழிவுநீரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்க வேண்டிய நாள். இலண்டன் அச்சிந்தனையை அரை நூற்றாண்டு ஒத்திவைத்து அதற்குரிய விலையைக் கொடுத்தது.

எனவே, வாவிக்கரை ஊர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் அமையும் காலத்தில், அது 30 மில்லிகிராமை எட்டிற்றா என்று மாத்திரம் வினவுதல் போதாது. முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் அந்நீர் எங்கே விடப்படும், அதிலுள்ள நைதரசனும் பொசுபரசும் நிலத்துக்குச் செல்லுமா நீருக்குச் செல்லுமா என்பவையும் வினவப்படல் வேண்டும். தென்னைக்கும் புல்லுக்கும் எருவாகும் பொருளை வாவியில் விட்டுப் பாசியும் ஆற்றுவாழையும் வளர்ப்பது இருவகை நட்டம். நிலையம் அமையும்வரை செய்யத்தக்கனவும் சில உள. குழியையும் கிணற்றையும் அயல்வளவுகளையும் சேர்த்து நோக்கி இடம் வகுத்தல், அடியிடாத குழிக்குப் பதிலாக நீர்கசியாத அழுகற்றொட்டி கட்டுதல், தொட்டியிலிருந்து பவுசர் வண்டி அள்ளிச் செல்லும் மண்டி எவ்விடத்திற் கொட்டப்படுகின்றது என்று பிரதேச சபையை வினவுதல் என்பன அவை. அம்மண்டி வாவியின் கண்டற் கரையிற் கொட்டப்படின், இலண்டன் 1865இற் செய்த பிழையையே இவ்வூர்களும் செய்தனவாகும்.

இவை யாவற்றுக்கும் முற்பட வேண்டியது அளத்தல். அரச ஆணைக்குழு எட்டுப் பங்கு என்று துணிந்து கூறியது தன் ஆறுகளை அளந்த பின்னரே. எட்மன்ட்சன் தன் ஏரியின் பாசியை அடையாளங்கண்டது அதனைப் பல ஆண்டு தொடர்ந்து நோக்கியமையாலேயே. முகத்துவாரம் திறந்த நாள், அடைபட்ட நாள், வாவி நீரின் உவர், வெப்பம், கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றைக் கரையோரப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான மாணவர் மாதந்தோறும் குறித்து வருவாராயின், பத்தாண்டில் அக்குறிப்பேடு எப்பொறியியலாளனும் விரும்பிக் கேட்கும் ஆவணமாகும். பிறர் ஆற்றுக்கு இட்ட அளவைக் கொண்டு வாவியை நிறுப்பதினும், வாவியின் அளவை வாவிக்கரையார் தாமே அறிந்து கூறுதல் தக்கது. கச்சான் காலத்தில் மணல் மூடிய கல்லாற்று முகத்துவாரத்தின் உட்புறம் அசையாது நிற்கும் அந்நீர், ஊரார் ஓராண்டு கழித்ததெல்லாவற்றையும் தன்னகத்தே வைத்துக்கொண்டு மாரியின் முதல் வெள்ளத்தை எதிர்நோக்கி நிற்கின்றது.